எலும்பும் தசைநாணும் ஸ்லைடு வரை: ஆய்வு மாதிரியைக் கெடுக்காமல் தயாரிப்பது எப்படி

எலும்பு, தசைநாண், மூட்டு, தசை ஆகியவற்றின் நோய்களை ஆராய்பவர்கள் கடைசியில் மைக்ரோஸ்கோப்பில் பார்த்துத்தான் பேசுகிறார்கள். அங்கே தெரியும் சேதத்தில் நோய் செய்தது எவ்வளவு, நம் கை செய்தது எவ்வளவு என்று பிரிக்க முடியாத நிலைக்குப் பல மாதிரிகள் முதல் வாரத்திலேயே போய்விடுகின்றன. உட்கரு தெரியாத செல்லைப் பார்த்து ‘செல் இறந்திருக்கிறது’ என்று எழுதிவிடுகிறோம். உண்மையில் அது அமிலத்தில் தேவைக்கு மேல் இரண்டு நாள் கிடந்த செல்லாக இருக்கலாம். நார்கள் பிரிந்து கிடக்கும் தசைநாணைத் தேய்மானம் என்கிறோம். அது மெழுகில் காய்ந்து பிளேடில் கிழிந்ததாகவும் இருக்கலாம். குறை மைக்ரோடோம் (திசுவை மெல்லிய சீவலாகச் சீவும் கருவி) மேசையில்தான் கண்ணில் படும் என்பதால் பழியும் அங்கேயே விழுகிறது. கோளாறு பெரும்பாலும் அதற்கு வெகு முன்பே, ஃபிக்ஸ் செய்வதிலும் (திசு சிதையாமல் பதப்படுத்துவது) டீகால் செய்வதிலும் (எலும்பின் தாதுவைக் கரைத்துச் சீவும்படி மென்மையாக்குவது) நடந்து முடிந்திருக்கும். அதனால் இந்த வழிகாட்டியிலும் அந்த இரண்டுக்குத்தான் அதிக இடம்.

மாதிரி எடுக்கும் முன்பே முடிவாக வேண்டியவை

எல்லாவற்றையும் ஃபார்மலினில் போட்டுவிட்டுப் பிறகு யோசிக்கலாம் என்ற பழக்கம் இந்தத் துறையில் செல்லாது. சில கேள்விகளுக்கான விடையை ஃபார்மலினே அழித்துவிடும், சிலவற்றை டீகால் அழித்துவிடும்.

ஆஸ்டியோமலேசியா போன்ற நோயில் தாது ஏறாத எலும்பு எவ்வளவு, ஏறியது எவ்வளவு என்பதே கேள்வி. தாதுவைக் கரைத்துவிட்டால் இரண்டும் ஒன்றுபோலத் தெரியும். டெட்ராசைக்ளின், கால்சீன் போன்ற ஒளிரும் குறிகளை இரண்டு தவணையாகக் கொடுத்து, அவற்றுக்கு இடையிலுள்ள தூரத்தை நாட்களால் வகுத்து எலும்பு வளரும் வேகத்தைக் கணக்கிடும் ஆய்வுகளும் இப்படித்தான். குறி ஒட்டியிருப்பது தாதுவில். தாது போனால் குறியும் போய்விடும். இந்த மாதிரிகளை 70 சதவீத எத்தனாலில் வைத்து, டீகால் செய்யாமல், மெத்தில் மெத்தாக்ரிலேட் பிளாஸ்டிக்கில் பதித்து, டங்ஸ்டன் கார்பைடு கத்தியால் சீவ வேண்டும். அளவீடுகளின் பெயர்களுக்கு அமெரிக்க எலும்பு, தாது ஆய்வுக் கழகம் 1987இல் வெளியிட்டு 2013இல் திருத்திய பெயர்முறையைப் பின்பற்றுங்கள். சொந்தமாகப் பெயர் வைத்தால் உங்கள் எண்ணை வேறொருவர் எண்ணோடு ஒப்பிட முடியாது.

கவுட் கட்டி (யூரேட் படிகங்கள் படிந்து உண்டாவது) என்று சந்தேகம் இருந்தால் ஒரு துண்டைத் தனியாக நீரற்ற எத்தனாலில் போட வேண்டும். யூரேட் படிகங்கள் நீர் கலந்த ஃபார்மலினில் கரைந்துவிடும். ஸ்லைடில் படிகம் இருந்த இடத்தின் வெற்று அச்சு மட்டும் மிஞ்சும். தோள்பட்டைத் தசைநாணில் படியும் கால்சியத்தையும் அமில டீகால் கரைத்துவிடும் என்பதால் அப்படிப்பட்ட மாதிரிக்கு முதலில் எக்ஸ்ரே எடுத்துப் பதிவு செய்துகொள்ளுங்கள்.

தசையின் கதை முற்றிலும் வேறு. தசை இழை வகைகளையும் நொதிகளையும் பார்க்க வேண்டுமென்றால் ஃபார்மலின் உதவாது, உறைய வைத்தே ஆக வேண்டும். திரவ நைட்ரஜனில் நேராகப் போட்டால் தசையைச் சுற்றி வாயு உறை உருவாகி உறைவது தாமதமாகும். அந்த இடைவெளியில் பனிப்படிகம் வளர்ந்து தசை இழைகளில் ஓட்டை ஓட்டையாகத் தெரியும். திரவ நைட்ரஜனுக்குள் ஓர் உலோகக் கிண்ணத்தை இறக்கி, அதில் ஐசோபென்டேனைக் குளிரவிடுங்கள். கிண்ணத்தின் அடியில் வெள்ளையாக உறைந்த மணிகள் தென்படும்போது அது மைனஸ் 160 டிகிரியை நெருங்கியிருக்கும். தசையை அப்போது இறக்கி 10 முதல் 20 விநாடி வைத்தால் போதும். உறைய வைக்கும் முன் தசையை சலைனில் மிதக்க விடாதீர்கள். உறிஞ்சும் நீரெல்லாம் படிகமாக மாறும். சலைனில் நனைத்து நன்றாகப் பிழிந்த துணியில் சுற்றிக் கொண்டுவந்தால் போதும்.

மைக்ரோ சிடி (நுண்ணிய முப்பரிமாண எக்ஸ்ரே படம்) எடுப்பதாக இருந்தால் அது டீகாலுக்கு முன்னால். சுண்டெலியின் டிராபெகுலா (எலும்பின் உள்ளே வலைபோல் இருக்கும் மெல்லிய கம்பி) 30 முதல் 50 மைக்ரான் தடிமன்தான் என்பதால் 10 மைக்ரான் அல்லது அதற்கும் சிறிய வாக்சல் (முப்பரிமாணப் படத்தின் மிகச் சிறிய கட்டம்) தேவை. ஒரு டிராபெகுலாவின் குறுக்கே இரண்டு வாக்சல் கூட இல்லையென்றால் தடிமன் என்று வரும் எண் வெறும் கற்பனை. குழாய்க்குள் எலும்பு அசையாதபடி நுரைப்பஞ்சு வைத்து இறுக்குங்கள். எல்லா மாதிரிகளும் ஒரே திரவத்தில் இருக்கட்டும். பாதியை சலைனிலும் பாதியை எத்தனாலிலும் எடுத்தால் அடர்த்தி எண்கள் ஒத்துவராது. அளக்கும் பகுதியை வளர்தட்டிலிருந்து (எலும்பு நீளும் முனையிலுள்ள குருத்தெலும்பு அடுக்கு) சற்றுத் தள்ளித் தொடங்குங்கள். தட்டை ஒட்டியிருக்கும் புது எலும்பு உள்ளே வந்துவிட்டால் எலும்பின் பங்கு உண்மையைவிட அதிகமாகத் தெரியும்.

ஃபிக்ஸ் செய்வது

10 சதவீத பஃபர் ஃபார்மலின் ஒரு லிட்டருக்கு: கடையில் வரும் 37 முதல் 40 சதவீத ஃபார்மால்டிஹைடு கரைசல் 100 மி.லி., காய்ச்சி வடித்த நீர் 900 மி.லி., சோடியம் டைஹைட்ரஜன் பாஸ்பேட் மோனோஹைட்ரேட் 4 கிராம், நீரற்ற டைசோடியம் ஹைட்ரஜன் பாஸ்பேட் 6.5 கிராம். பி.எச். 7ஐ ஒட்டி வர வேண்டும். பெயரில் 10 சதவீதம் என்றிருந்தாலும் உள்ளே இருக்கும் ஃபார்மால்டிஹைடு 4 சதவீதத்தை ஒட்டித்தான்.

பஃபர் இல்லாத ஃபார்மலின் நாளாவட்டத்தில் ஃபார்மிக் அமிலமாக மாறும். எலும்பு ஆய்வில் இதனால் இரட்டை நஷ்டம். தாது மெல்லக் கரையத் தொடங்கும். ரத்தம் நிறைந்த மஜ்ஜையில் பழுப்பும் கறுப்புமாக ஒரு நிறமி படியும். அதை ஹீமோசிடெரின் (பழைய ரத்தத்திலிருந்து தங்கும் இரும்பு நிறமி) என்று தவறாகப் படித்து ‘பழைய ரத்தக்கசிவு’ என்று எழுதிவிடுவது வழக்கமாக நடக்கிறது. இரும்பைக் காட்டும் பெர்ல்ஸ் சாயத்தில் ஹீமோசிடெரின் நீலமாகும், ஃபார்மலின் நிறமி ஆகாது. சந்தேகம் வந்தால் இந்த ஒரு சோதனையில் விஷயம் தெளிந்துவிடும்.

திரவத்தின் அளவு மாதிரியைப் போல் குறைந்தது 10 மடங்கு, முடிந்தால் 20 மடங்கு. ஃபார்மலின் முதல் ஒரு மணி நேரத்தில் ஒரு மி.மீ. அளவுக்கு உள்ளே போகும், பிறகு வேகம் குறைந்துகொண்டே வரும். உள்ளே போவது வேறு, புரதத்தோடு பிணைவது வேறு. பிணைவதற்குத்தான் அதிக நேரம். எனவே எலும்புத் துண்டு 4 மி.மீ. தடிமனுக்கு மேல் வேண்டாம், 24 முதல் 48 மணி நேரம் கொடுங்கள். எலியின் தொடை எலும்பை முழுதாகப் போடுவதாக இருந்தால் இரு முனைகளில் ஒன்றையாவது வெட்டி மஜ்ஜைக் குழியைத் திறந்துவிட வேண்டும். இல்லாவிட்டால் வெளியே பதமாகி உள்ளே மஜ்ஜை தானாகவே சிதைந்துகொண்டிருக்கும். ஒட்டியிருக்கும் சதையையும் வழித்து எடுங்கள். ஆனால் எலும்பின் மேலுறையை ஆய்வு செய்வதாக இருந்தால் ஒரு மெல்லிய சதை அடுக்கை விட்டுவைக்க வேண்டும்.

ரம்பத்தால் அறுக்கும் வேலையை முடிந்தவரை ஃபிக்ஸ் ஆன பிறகு வைத்துக்கொள்ளுங்கள். பச்சை எலும்பை அறுத்தால் எலும்புத்தூள் மஜ்ஜைக்குள் அடைந்துகொள்ளும், ரம்பச் சூட்டில் ஓரச் செல்கள் வெந்துபோகும். எப்படி அறுத்தாலும் அறுத்த முகத்தை மென்மையான தூரிகையால் ஓடும் நீரில் கழுவி, டீகால் முடிந்ததும் அந்த முகத்திலிருந்து ஒரு மெல்லிய அடுக்கைச் சீவி எறிந்துவிடுங்கள்.

தசைநாணுக்கு ஒரு கூடுதல் கவனிப்பு உண்டு. கொலாஜன் நார்கள் ஓய்வு நிலையில் அலை அலையாக மடிந்திருக்கும். லேசாக இழுத்தாலே, அதாவது நீளத்தில் சுமார் 2 சதவீதம் கூடும்போதே, அந்த அலை நிமிர்ந்துவிடும். வெட்டி எடுத்த தசைநாணை அப்படியே ஃபார்மலினில் விட்டால் அது சுருண்டு முறுக்கிக்கொண்டு பதமாகும். சுருண்டதில் அலை மிகையாகவும், கவ்வியால் இழுத்துப் பிடித்ததில் இல்லாமலும் தெரியும். நார்களின் ஒழுங்கைத்தான் மதிப்பெண் போடப்போகிறோம் என்னும்போது இந்த வேறுபாடு முடிவையே புரட்டிவிடும். எலியில் பாதத்தை 90 டிகிரியில் கட்டி வைத்து, அக்கிலிஸ் தசைநாணை குதிகால் எலும்போடும் கன்றுத்தசையோடும் சேர்த்தே ஃபிக்ஸ் செய்யுங்கள். அறுவை சிகிச்சையில் கிடைக்கும் துண்டாக இருந்தால் கார்க் தகட்டில் இழுக்காமல் நேராகப் படுக்க வைத்து, இரு முனைகளிலும் ஊசி குத்தி, கார்க்கைக் குப்புற மிதக்க விடலாம். எந்தப் பக்கம் தசை, எந்தப் பக்கம் எலும்பு என்று ஒரு முனையில் சாய மையால் குறித்துவிடுங்கள். அறுவை அரங்கின் விளக்கடியில் தசைநாணின் மேற்பரப்பு வெகு விரைவில் காய்ந்துவிடும் என்பதால், துண்டு கைக்கு வந்த நொடியிலிருந்து அது ஈரத்துணிக்குள் இருக்க வேண்டும்.

டீகால்: பொறுமைக்குத்தான் விலை

ஃபிக்ஸ் முழுமையடையாத திசுவை அமிலத்தில் போடக்கூடாது என்பது முதல் விதி. பதமாகாத புரதத்தை அமிலம் அரித்துவிடும். ஃபிக்ஸ் ஆனதும் ஓடும் நீரில் சில மணி நேரம் கழுவுங்கள். குறிப்பாக ஹைட்ரோகுளோரிக் அமிலம் கலந்த டீகால் திரவம் பயன்படுத்துவோர் இந்தக் கழுவலைத் தவிர்க்கவே கூடாது. ஃபார்மால்டிஹைடும் அந்த அமிலமும் சேர்ந்தால் பிஸ்குளோரோமெத்தில் ஈதர் என்ற, புற்றுநோய் உண்டாக்கும் ஆவி உருவாகக்கூடும்.

எதில் டீகால் செய்வது? நைட்ரிக் அமிலம் 5 முதல் 10 சதவீதத்தில் ஓரிரு நாளில் வேலையை முடித்துவிடும். உட்கருச் சாயத்தையும் கூடவே முடித்துவிடும். ஆய்வுக்கு அதைப் பரிந்துரைக்க எங்களுக்கு மனமில்லை. ஃபார்மிக் அமிலம் நடுத்தரம்: 88 முதல் 90 சதவீதப் புட்டியிலிருந்து 100 மி.லி. எடுத்து 900 மி.லி. நீரில் சிறிது சிறிதாக ஊற்றுங்கள் (அமிலத்தை நீரில்தான், மாற்றியல்ல). 4 மி.மீ. எலும்புத் துண்டுக்குச் சில நாட்களிலிருந்து ஒரு வாரம் வரை ஆகும். வெறும் எச் அண்ட் ஈ (உட்கருவை நீலமாக்கும் ஹெமடாக்சிலினும் மற்றதை இளஞ்சிவப்பாக்கும் இயோசினும்) சாயமும் கொலாஜன் சாயமும் போதும் என்றால் இது போதுமானது. ஆன்டிபாடி சாயம், டி.என்.ஏ., ஆர்.என்.ஏ., எலும்பைக் கரைக்கும் ஆஸ்டியோகிளாஸ்ட் செல்லைக் காட்டும் டிராப் நொதிச் சாயம் இவற்றில் எது வேண்டுமென்றாலும் கால்சியத்தைப் பிடித்து இழுக்கும் ஈ.டி.டி.ஏ. ஒன்றே வழி.

ஈ.டி.டி.ஏ. 10 சதவீதம், ஒரு லிட்டருக்கு: டைசோடியம் ஈ.டி.டி.ஏ. டைஹைட்ரேட் 100 கிராமை 850 மி.லி. நீரில் கொட்டிக் கலக்கியில் வையுங்கள். முழுதும் கரையாமல் அடியில் வெள்ளையாகக் கிடக்கும், பயப்பட வேண்டாம். சோடியம் ஹைட்ராக்சைடு வில்லைகளைக் கொஞ்சம் கொஞ்சமாகப் போட, பி.எச். ஏற ஏறக் கரையும். மொத்தம் 10 கிராம் அளவுக்குப் பிடிக்கும். கரைசல் சூடாகும் என்பதால் ஆறவிட்டுப் பிறகு பி.எச். பாருங்கள். 7.2 முதல் 7.4க்குள் நிறுத்தி, நீர் சேர்த்து ஒரு லிட்டராக்குங்கள்.

எவ்வளவு ஊற்றுவது என்பதை மனக்கணக்காகவே போடலாம். ஈ.டி.டி.ஏ.யின் ஒரு மூலக்கூறு ஒரே ஒரு கால்சியம் அயனியைத்தான் பிடிக்கும். மேலே சொன்ன கரைசல் 100 மி.லி.யால் அதிகபட்சமாகச் சுமார் ஒரு கிராம் கால்சியத்தைப் பிடிக்க முடியும். ஒரு கிராம் கெட்டி எலும்பில் கால் கிராமுக்குச் சற்றுக் குறைவாகக் கால்சியம் இருக்கும். அப்படியானால் 25 மி.லி. போதுமே என்று தோன்றும். ஆனால் கரைசல் நிறைய நிறைய வேகம் விழுந்துகொண்டே வந்து கடைசியில் அப்படியே நின்றுவிடும். அதனால்தான் எலும்பின் எடையைப் போல் 20 மடங்குக்கு மேல் ஊற்றி, இரண்டு மூன்று நாளுக்கு ஒருமுறை மாற்றச் சொல்கிறார்கள். ‘ஈ.டி.டி.ஏ. ஒரு மாதமாகியும் வேலை செய்யவில்லை’ என்று சொல்பவரின் புட்டியைப் பார்த்தால் திரவம் மாற்றப்படாமலே இருக்கும். மாதிரியைப் புட்டியின் அடியில் கிடத்தாமல் துணிப்பையிலோ துளையிட்ட கேசட்டிலோ நடுவில் தொங்கவிடுங்கள். மெல்ல ஆட்டும் மேடையில் வைத்தால் இன்னும் நல்லது. அறை வெப்பத்தில் சுண்டெலித் தொடை எலும்புக்குச் சுமார் இரண்டு வாரம், எலிக்கு மூன்று முதல் ஐந்து வாரம் ஆகும். 37 டிகிரியில் வேகம் கூடும். டிராப் சாயம் போடுவதாக இருந்தால் மட்டும் 4 டிகிரியில் வைத்து, ஆகும் நேரத்தைப் பொறுத்துக்கொள்ளுங்கள்.

முடிந்ததா என்று கண்டுபிடிப்பதில்தான் பெரும்பாலோர் சறுக்குகிறார்கள். ஊசியால் குத்திப் பார்ப்பது, வளைத்துப் பார்ப்பது இரண்டும் மாதிரியைச் சேதப்படுத்தும். ஊசி போன தடம் ஸ்லைடில் ‘விரிசலாக’ நிற்கும். ஃபார்மிக் அமிலத்துக்கு வேதிச் சோதனை எளிது. மாதிரியோடு குறைந்தது ஆறு மணி நேரம் இருந்த திரவத்தை அடியிலிருந்து 5 மி.லி. உறிஞ்சி எடுங்கள். சிவப்பு லிட்மஸ் நீலமாகும் வரை அடர் அம்மோனியாவைச் சொட்டுச் சொட்டாக விடுங்கள். இந்தக் கட்டத்திலேயே கலங்கினால் கால்சியம் நிறைய இருக்கிறது. தெளிவாக இருந்தால் தெவிட்டிய அம்மோனியம் ஆக்சலேட் 5 மி.லி. சேர்த்து அரை மணி நேரம் விடுங்கள். வெள்ளைக் கலங்கல் வந்தால் இன்னும் பாக்கி. திரவத்தை மாற்றி மறுநாள் மீண்டும் பாருங்கள். அடுத்தடுத்து இரண்டு முறை தெளிவாக வந்தால் நிறுத்திவிடலாம்.

இதே சோதனையை ஈ.டி.டி.ஏ.வுக்கு அப்படியே செய்தால் ஏமாறுவீர்கள். கால்சியத்தை ஈ.டி.டி.ஏ. விடாப்பிடியாகப் பிடித்திருப்பதால் ஆக்சலேட்டுக்கு ஒன்றும் கிடைக்காது. எலும்பு கல்லாக இருக்கும்போதே சோதனை ‘தெளிவு’ என்று சொல்லும். அங்கே எக்ஸ்ரேதான் நம்பகமானது. எக்ஸ்ரே வசதி இல்லையென்றால் எடை பாருங்கள். ஒவ்வொரு முறை திரவம் மாற்றும்போதும் வடிதாளில் ஒற்றி எடை போட்டால், தாது போகப் போக எடை குறையும். தாது தீர்ந்ததும் அந்த இடத்தை நீர் நிரப்புவதால் குறைவது நின்று சற்றே ஏறத் தொடங்கும். அந்தத் திருப்பம்தான் முடிவுப் புள்ளி. ஒற்றும் விதம் ஒவ்வொரு நாளும் ஒரே மாதிரி இருந்தால்தான் இது பலிக்கும்.

தேவைக்கு மேல் அமிலத்தில் கிடந்த எலும்பில் ஹெமடாக்சிலின் பிடிக்காது. எல்லாம் இளஞ்சிவப்பாக, உட்கரு இருந்த இடம் மங்கலாகத் தெரியும். அமிலம் டி.என்.ஏ.வைச் சிதைத்துவிடுவதே காரணம். எலும்பில் ஆஸ்டியோசைட் (எலும்புக்குள் குழியில் இருக்கும் செல்) இல்லாத வெற்றுக் குழிகளை எண்ணி எலும்புச் சாவைக் கணக்கிடும் ஆய்வில் இது நேரடியாகப் பொய் எண்ணைத் தரும்.

டீகால் முடிந்ததும் ஓடும் நீரில் இரவு முழுக்கக் கழுவுங்கள். ஈ.டி.டி.ஏ. மிச்சமிருந்தால் அடுத்து வரும் ஆல்கஹாலில் படிகமாகிவிடும். பிளேடில் மணல் பட்டதுபோல் உணர்வீர்கள், எலும்பு இன்னும் கரையவில்லை என்று நினைத்துக்கொள்வீர்கள்.

மெழுகும் பிளேடும்

ஆல்கஹால் 70, 80, 95, 100 என ஏறி, பிறகு சைலீன், பிறகு 60 டிகிரி மெழுகு. இந்த வரிசை எல்லோருக்கும் தெரியும். எலும்புத் துண்டுக்கு ஒவ்வொரு கட்டத்திலும் ஒன்றரை முதல் இரண்டு மணி நேரம் தேவை. அதே இயந்திரத்தில் அதே நிரலில் எலித் தசைநாணையும் போட்டால் அது கொம்புபோல் இறுகி வரும். அதற்கு முக்கால் மணி நேரம் போதும். இரண்டையும் ஒரே ஓட்டத்தில் போடுவதுதான் கிழிந்த தசைநாண் சீவல்களுக்கு மிக வழக்கமான காரணம்.

பதிக்கும் திசையைக் கவனியுங்கள். தசைநாண் எலும்போடு சேரும் இடத்தை ஆராய்வதாக இருந்தால், அந்தச் சேர்க்கைக் கோடு பிளேடின் விளிம்புக்குச் செங்குத்தாக வர வேண்டும். அப்போது மென்மையும் கடினமும் ஒரே நேரத்தில் வெட்டுப்படும். ஒன்றை வெட்டி முடித்து மற்றொன்றில் பிளேடு மோதினால், மோதும் இடத்தில் சீவல் பிளந்துகொள்ளும். அங்கேதான் நாம் நோயைத் தேடிக்கொண்டிருக்கிறோம்.

பிளாக்கின் (திசு பதிந்த மெழுகுக் கட்டி) முகத்தைச் சீவித் திறந்தபின் ஈரமான ஐஸ் மேல் 10 முதல் 20 நிமிடம் கவிழ்த்து வையுங்கள். குளிர் மெழுகை இறுக்கும், ஈரம் திசுவை இளக்கும்; இரண்டும் வேண்டும். 5 மைக்ரானில் சீவுங்கள். இணை கோடுகளாக அதிர்வுத் தடம் விழுந்தால் பிளேடின் சாய்வுக் கோணம் அதிகம், அல்லது எங்கோ திருகு தளர்ந்திருக்கிறது. சீவல் நசுங்கிச் சுருங்கி வந்தால் கோணம் குறைவு, அல்லது பிளேடு மழுங்கியிருக்கிறது. ஒரே இடத்தில் ‘கரக்’ என்று சத்தமும் செங்குத்துக் கீறலும் வந்தால் தாது மிச்சமிருக்கிறது. அதற்காக மெழுகை உருக்கி மீண்டும் தொடங்க வேண்டாம். பிளாக் முகத்தை ஃபார்மிக் அமிலம் நனைத்த பஞ்சில் அரை மணி முதல் ஒரு மணி நேரம் கவிழ்த்து வைத்து, கழுவி, அதே கோணத்தில் திரும்ப மாட்டினால் ஒரு சில சீவல்கள் நன்றாக வரும். அமிலம் மேல் அடுக்கில்தான் இறங்கியிருக்கும் என்பதால் சமன் செய்யும் பெயரில் அதை வீணாக்கிவிடக் கூடாது.

எலும்புச் சீவல்கள் ஸ்லைடை விட்டுக் கழன்று மிதப்பது தீராத தலைவலி. மின்னூட்டம் ஏற்றிய ஸ்லைடு, 40 முதல் 45 டிகிரி நீர்த்தொட்டி, பிறகு 37 டிகிரியில் இரவு முழுக்க உலர்த்தல். ஆன்டிபாடி சாயத்துக்கு முன் 95 டிகிரியில் சூடாக்கினால் பெரும்பாலும் கழன்றுவிடும். சிட்ரேட் பஃபரில் 60 டிகிரியில் இரவு முழுக்க வைத்தால் தங்கும்.

சாயமும் அது சொல்லும் பொய்களும்

பிக்ரோசிரியஸ் ரெட் எளிமையான சாயம்: சிரியஸ் ரெட் எஃப்3பி 0.5 கிராம், தெவிட்டிய பிக்ரிக் அமிலக் கரைசல் 500 மி.லி. ஒரு மணி நேரம் சாயமேற்றி, 0.5 சதவீத அசிட்டிக் அமிலம் கலந்த நீரில் இருமுறை கழுவி, நீரை உதறிவிட்டு நேராக நீரற்ற எத்தனாலுக்குப் போங்கள். வெறும் நீரில் கழுவினால் சாயம் இறங்கிவிடும். பிக்ரிக் அமிலப் பொடி காய்ந்தால் வெடிக்கும் தன்மை கொண்டது. புட்டி எப்போதும் ஈரமாக இருக்கட்டும், மூடியில் பொடி ஒட்டியிருந்தால் திறக்காதீர்கள்.

துருவ ஒளியில் இந்தச் சாயம் சிவப்பு, மஞ்சள், பச்சை என்று காட்டும். சிவப்பு என்றால் முதல் வகைக் கொலாஜன், பச்சை என்றால் மூன்றாம் வகை என்று இன்றும் கட்டுரைகளில் எழுதுகிறார்கள். அது தவறு. நிறம் நாரின் தடிமனையும் நெருக்கத்தையும் சீவலின் தடிமனையும் பொறுத்தது. 7 மைக்ரானில் சீவிய நோய் மாதிரியையும் 5 மைக்ரானில் சீவிய கட்டுப்பாட்டு மாதிரியையும் ஒப்பிட்டால் இல்லாத நோயே தெரியும். கொலாஜன் வகை வேண்டுமென்றால் அதற்குரிய ஆன்டிபாடி போடுங்கள். இன்னொன்று, துருவத் தகட்டுக்கு இணையாகக் கிடக்கும் நார் இருளாகிவிடும். மேடையைச் சுழற்றிப் பார்க்காமல் ‘இங்கே கொலாஜன் இல்லை’ என்று எழுத வேண்டாம்.

குருத்தெலும்புக்கு சஃப்ரனின் ஓ என்ற சிவப்புச் சாயம். சிவப்பு குறைந்தால் குருத்தெலும்பில் நீரைப் பிடித்துவைக்கும் புரோட்டியோகிளைக்கான் போயிருக்கிறது, மூட்டுத் தேய்மானம் தொடங்கியிருக்கிறது என்பது வழக்கமான வாசிப்பு. ஆனால் அமில டீகாலும் நீண்ட கழுவலும் அதே சிவப்பை எடுத்துவிடும். கொறிவிலங்கின் முழங்காலில் இதற்கு உள்ளேயே ஒரு சாட்சி இருக்கிறது: அதே சீவலிலுள்ள வளர்தட்டு. அது அடர் சிவப்பாக இருந்து மூட்டுப் பரப்பு மட்டும் வெளுத்திருந்தால் நோய். இரண்டும் வெளுத்திருந்தால் உங்கள் திரவங்கள்.

பிளவுகளையும் இப்படித்தான் விசாரிக்க வேண்டும். பிளேடு கிழித்த பிளவின் ஓரம் கூராக, உள்ளே சுத்தமாக வெறுமையாக இருக்கும். அடுத்த சீவலில் இடம் மாறியிருக்கும். உடலில் இருந்தபோதே விழுந்த கிழிசலில் ஓரம் மழுங்கி, உள்ளே ஃபைப்ரினோ ரத்தமோ செல்களோ இருக்கும். வரிசையான சீவல்களில் அதே இடத்தில் தொடர்ந்து வரும்.

மதிப்பெண் போடும்போது

தசைநாணுக்கு போனார் அளவுகோல் பரவலாகப் பயன்படுகிறது: செல், அடித்தளப் பொருள், கொலாஜன், ரத்தக்குழாய் என்ற நான்குக்கும் 0 முதல் 3 வரை, மொத்தம் 12. மோவின் அளவுகோலில் எட்டு அம்சங்கள், மொத்தம் 24. எதை எடுத்தாலும், படிப்பவருக்கு எது நோய் ஸ்லைடு என்று தெரியக்கூடாது. இருவர் தனித்தனியாகப் படித்து, ஒத்துப்போகும் அளவை வெயிட்டட் கப்பா என்ற புள்ளியியல் எண்ணாகச் சொல்லுங்கள். பார்க்கும் புலங்களை முன்கூட்டியே வகுத்த இடைவெளியில் எடுக்க வேண்டும். மோசமாகத் தெரியும் இடத்தைத் தேடிப் போனால் எல்லாத் தசைநாணும் நோயாளிதான்.

எட்டு எலியிலிருந்து தலா ஐந்து சீவல் என்றால் மாதிரி எண்ணிக்கை எட்டு, நாற்பது அல்ல. ஒரே விலங்கின் சீவல்கள் ஒன்றையொன்று ஒத்திருப்பதால் நாற்பது என்று கணக்கிட்டால் தற்செயல் வேறுபாடும் பெரிய கண்டுபிடிப்பாகத் தெரியும். நோயாளியின் அக்கிலிஸுக்கு ஒப்பீடாகத் தொடைப் பின்புறத் தசைநாணை எடுப்பதும் சிக்கல்தான். அது கிடைப்பது எளிது, ஆனால் சுமக்கும் பாரமும் செல்களின் அடர்த்தியும் வேறு.

நோய் மாதிரிகளை ஒரு வாரமும் கட்டுப்பாட்டு மாதிரிகளை அடுத்த வாரமும் டீகால் செய்தால் மேலே சொன்ன எந்த முன்னெச்சரிக்கையும் பயன் தராது. ஒவ்வொரு புட்டியிலும், ஒவ்வொரு மெழுகு ஓட்டத்திலும், ஒவ்வொரு சாயத் தொட்டியிலும் இரண்டும் கலந்திருக்க வேண்டும். கேசட்டில் பென்சிலால் எழுதுங்கள். சாதாரணப் பேனா மை சைலீனில் போய்விடும். மாதிரி ஒவ்வொன்றுக்கும் எடுத்த நேரம், ஃபார்மலினில் இருந்த மணி நேரம், டீகால் திரவமும் அதன் பி.எச்.சும், மாற்றிய தேதிகள், முடிவு கண்ட முறை, சீவல் தடிமன் ஆகியவற்றை ஒரே தாளில் குறித்துவையுங்கள். கட்டுரையின் செய்முறைப் பகுதியில் ‘வழக்கமான முறையில் டீகால் செய்யப்பட்டது’ என்று எழுதாமல் அந்தத் தாளில் உள்ளதை அப்படியே கொடுங்கள். சீவி முடித்த பிளாக்கின் திறந்த முகத்தில் ஒரு துளி உருகிய மெழுகு பூசிக் குளிர்ந்த இடத்தில் வைத்தால், மதிப்பாய்வாளர் இன்னொரு சாயம் கேட்கும்போது அதே மாதிரியிலிருந்து மறுபடியும் சீவலாம்.